சுவரில் ஒரு மரம், சட்டியில் ஒரு மரம்

புக்கிட் தெங்காவில் கொமுட்டர் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரி பிடித்தால் ஜார்ஜ் டவுன். அங்கே பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் நடக்கும்போது எதிர்வரிசையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கூரையோரத்திலோ மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்திலோ, சுவர் வெடிப்பிலிருந்து ஒரு சின்ன மரம் நீட்டிக்கொண்டிருக்கும். பளபளக்கும் இலை, முறுக்கேறிய தண்டு, சுண்ணாம்புக் காரையைக் கவ்விப் பிடித்த வேர். அதை யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. பெரும்பாலும் அது இச்சி மரமாக இருக்கும். ஆலுக்கும் அரசுக்கும் நெருங்கிய சொந்தம். மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். மைனாவோ கொண்டைக்குருவியோ பழத்தைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் எச்சமிட்டிருக்கும், விதை முளைத்துக்கொண்டது.

அதே பழத்தின் இன்னொரு விதை திடலோரம் நல்ல மண்ணில் விழுந்திருந்தால், இந்நேரம் பத்து கார்களுக்கு நிழல் தந்துகொண்டிருக்கும். சுவரில் முளைத்ததோ உங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. விதையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கிடைத்த மண்ணும் தண்ணீரும்தான் வேறு. சட்டியில் சின்னதாக வளர்க்கும் போன்சாய் என்றால் ஏதோ குட்டை இன மரம் என்று பலர் நினைக்கிறார்கள். போன்சாய் என்று தனி இனமே இல்லை. சட்டியிலிருந்து எடுத்துத் தரையில் நட்டால் அது மளமளவென்று பெரிய மரமாக வளரத் தொடங்கிவிடும்.

"அப்படியானால் மரத்தைப் பட்டினி போட்டுத்தான் சின்னதாக வைத்திருக்கிறார்களா?" என்று கேட்பீர்கள். சுவர் மரம் பட்டினி கிடப்பது உண்மை. சட்டி மரம் அப்படி இருக்கக் கூடாது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் சட்டியில் வளர்கிறது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தபோது, அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில், யமாகி குடும்பத்தின் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது 2001-இல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது! சட்டியில் பட்டினி போட்டிருந்தால் அது 400 ஆண்டு தாங்கியிருக்காது.

ஆனால் பைனைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். வெள்ளைப் பைன், ஜப்பானிய மேப்பிள் போன்ற மரங்களுக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில் தூங்கி எழ வேண்டும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. இங்கே தூங்க அவற்றுக்கு நேரமே வராது. ஜூனிப்பர் இன்னும் மோசம். செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். உயிர் போனதைக் கூடச் சொல்லாத மரத்தை முதன்முதலில் வளர்ப்பவர் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. இச்சி அப்படியல்ல. இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும். பழகியதும் புதுத்தளிர் விடும். சுவர் வெடிப்பிலேயே பிழைக்கிற மரம் உங்கள் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும். காகிதப்பூச் செடியும் பரவாயில்லை.

நர்சரியில் தடித்த கால்கள் மேல் நிற்பதுபோல் சில இச்சிகள் விற்பார்கள். அந்தக் கால்கள் தண்டல்ல. மண்ணுக்குள் பருத்த வேரை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அடிமரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. கடைக்காரர் அனுமதித்தால் சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது.

காசு செலவழிக்காத வழியும் உண்டு. தெரிந்தவர் வீட்டு இச்சியிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு கிளையைப் பெரியவர்களிடம் வெட்டித் தரச் சொல்லி, ஈர மணலில் குத்தி நிழலில் வையுங்கள். வேர் விட்டுவிடும். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடியும். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். மரபுடைமைச் சுவர்களில் ஏறிப் பிடுங்கும் யோசனை மட்டும் வேண்டாம்!

இனி தண்ணீர். முதல் மரம் சாவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு சோதனை செய்யுங்கள். நீள்சதுர ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் பிழியாமல் அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும்! மண்ணிலும் இதே கதைதான். துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்து வைப்பதால், சட்டியின் அடியில் கொஞ்ச உயரத்துக்கு நீர் வடியாமலே நிற்கும். சட்டி உயரமாக இருந்தாலும் தட்டையாக இருந்தாலும் அந்த நீரின் உயரம் மாறாது. உயரமான சட்டியில் அது அடிப்பகுதியோடு நின்றுவிடும். தட்டையான போன்சாய் சட்டியில் வேர் முழுவதையும் நனைத்துக்கொண்டு நிற்கும். வேரும் மூச்சு விட வேண்டுமே! அதனால்தான் களிமண்ணை விட்டுவிட்டு, சலித்த செங்கல் துண்டு, பருமணல் போன்றவற்றைக் கலக்கிறார்கள். இடைவெளி பெரிதானால் தேங்கும் நீர் குறையும்.

எப்போது ஊற்றுவது? கழுவிய சாத்தே குச்சி ஒன்றை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி ஈரமாகக் கறுத்திருந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தினமும் தேவைப்படலாம். அக்டோபர் மழையில் குச்சியே வேண்டாம் என்று சொல்லிவிடும். சட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

மரத்தை வரவேற்பறையில் டிவி பக்கத்தில் வைக்கத் தோன்றும். நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்வதால் அறை பிரகாசமாகத் தெரிகிறது. அளந்தால் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அறைக்குள் சில நூறுதான். காலை வெயில் படும் வாசலே அதற்குச் சரியான இடம்.

கடைசியாகக் கத்தரி. 1926-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, நீங்கள் சாப்பிடும் அதே அகர் அகர் துண்டுகளின் மேல் வைத்தார். பிறகு நுனிகளை எடுத்துவிட்டு, வெறும் அகர் துண்டை நுனியற்ற முளைமேல் வைத்தார். முளை வளர்ந்தது! நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் அகருக்குள் இறங்கியிருக்கிறது. அதுதான் ஆக்சின். இதே ஆக்சின் கிளை நுனியிலிருந்து கீழே இறங்கி, பக்க மொட்டுகளை "சும்மா இரு" என்று அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அடக்க ஆளில்லை. பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். உயரம் குறைந்து மரம் அடர்வது இப்படித்தான்.

உங்கள் இச்சியில் ஒரே மாதிரி இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆறேழு இலை வந்ததும் ஒன்றை மட்டும் இரண்டு இலை விட்டுக் கத்தரியுங்கள். அதில் சிவப்பு நூல் கட்டுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். எந்தக் கிளையில், எந்த இலைக்காம்பின் அடியில் முதல் மொட்டு வந்தது என்று தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.