புளித்த மண்ணும் முறிந்த எலும்பும்

எப்பாவலத் தூளைச் சம்மாந்துறை வயலுக்குப் போட்டால் அந்தப் போகத்துக்குப் பெரிதாக உதவாது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேட் பாறையின் தூள் அது; லேசில் கரையாது. நெல்லோ நாலு மாதப் பயிர். அதனால்தான் கல்முனைப் பக்கத்து விவசாயி அடிக்கட்டுப் பசளைக்குக் கப்பலில் வரும், லேசில் கரையும் ரி.எஸ்.பி. (ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேட்) பசளையைப் பார்த்திருக்கிறார். எப்பாவலத் தூள் மலைநாட்டுத் தேயிலைக்குப் போகிறது. அங்கே மண் புளிப்பு. அந்த அமிலம் கல்லை மெல்லக் கரைத்து வேருக்குக் கொடுக்கிறது.

அந்தக் கல் அப்படைட். கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் இதே குடும்பம்தான். உழ்ஹிய்யா (குர்பானி) இறைச்சி பங்கிட்ட பிறகு ஒரு மாட்டெலும்பை அடுப்பில் நன்றாக எரியவிட்டுப் பாருங்கள். முதலில் மயிர் கருகும் வாடையோடு கறுக்கும், பிறகு வெளுக்கும். உருவம் மாறாது, ஆனால் தட்டினால் நொறுங்கும். எரிந்துபோனது கொலாஜன் என்ற புரதம், மிஞ்சியது கனிமம். கோழியெலும்பைச் சில நாள் வினாகிரியில் ஊறவிட்டாலோ கனிமம் கரைந்து எலும்பு வளையும்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் எலும்பு துண்டு துண்டாகி இடைவெளி விழுந்தால், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி நிரப்புவார்கள். இன்றைக்கும் அதுதான் முதல்தரம். ஆனால் அது இரண்டாவது காயம்; எடுக்கக்கூடிய அளவும் குறைவு. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிரெட் ஆல்பி, கல்சியம் பொஸ்பேட்டை முறிவில் இட்டுப் பார்த்ததை 1920இல் எழுதினார். இப்போது அதைச் சூளையில் சுட்டு, மணியாகவும் கட்டியாகவும் விற்கிறார்கள்.

சூட்சுமம் கரையும் வேகத்தில்தான். இதில் ஒரு வகையான ஹைட்ரொக்சி அப்படைட் லேசில் கரையாது. வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இன்னொரு வகையான ட்ரைகல்சியம் பொஸ்பேட் சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் காணாமற்போகும். முந்திக் கரைந்தால் எலும்பு வந்து சேருமுன் பள்ளம். கரையாமலே கிடந்தால் எலும்புக்குள் அந்நியக் கல். ஆகவே இரண்டையும் கலந்து செய்கிறார்கள்.

கரைப்பவை எலும்புதின்னிக் கலங்கள். மேற்பரப்பில் ஒட்டி, விளிம்பை அடைத்து, உள்ளே அமிலம் ஊற்றும். அங்கே பி.எச். ஏறக்குறைய 4.5, தேயிலை மண்ணின் புளிப்பு! பின்னால் வரும் வேறு கலங்கள் புது எலும்பு கட்டும். இரத்தக் குழாய் நுழைய வேண்டும் என்பதால் கல்லில் ஒன்றோடொன்று தொடுத்த துளைகள் வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. பவளப்பாறையில் இத்துளைகள் பிறவியிலேயே உண்டு. ரோயும் லினஹனும் 1974இல் பவளத்தின் சுண்ணாம்பைத் துளை சிதையாமல் ஹைட்ரொக்சி அப்படைட்டாக மாற்றிக் காட்டினார்கள்.

பாரம் தாங்க இந்தக் கல் ஆகாது. அதற்குத் தகடும் ஆணியும்தான். ஆனால் செயற்கை இடுப்பு மூட்டின் டைட்டேனியத் தண்டில் மெல்லிய பூச்சாகப் பூசினால் எலும்பு வந்து இறுகப் பற்றிக்கொள்ளும்.

பல் பிடுங்கிய குழிக்கு அரைக் கிராம் மணியே போதும். சில மணிகள் மாட்டெலும்பைச் சுட்டு எடுத்தவை. மேலே மூடும் சில சவ்வுகள் பன்றியின் கொலாஜன். வெறும் இரசாயன உப்பிலிருந்து செய்தவையும் கிடைக்கின்றன. “டொக்டர், இது எதில எடுத்தது?” என்று கேட்பது நம் ஊரில் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.