காயத்துக்கென்று ஒதுக்கிய பணம்

அமெரிக்காவில் வேலையிடத்தில் அடிபட்டவருக்கு முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் மொத்தத் தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்வதுண்டு. அதில் ஒரு பகுதியை வருங்காலச் சிகிச்சைக்கென்று பிரித்து வைத்தால் அதற்கு ‘மெடிகேர் செட் அசைட்’ என்று பெயர். மெடிகேர் அரசு மருத்துவக் காப்பீடு. 65 வயதானவர்களுக்கும், அரசின் உடல் இயலாமை உதவித்தொகையை 24 மாதம் பெற்றவர்களுக்கும் கிடைக்கும். முதலாளி தரப்பு ஏற்க வேண்டிய செலவை அரசின் தலையில் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒதுக்கீடு. இது முறையாகத் தீர்ந்த பிறகே அந்தக் காயத்துக்கு மெடிகேர் பணம் தரும்.

எல்லா வைத்தியச் செலவும் செல்லாது

இந்தப் பணத்தில் கார் வாங்கக் கூடாது என்பது யாருக்கும் புரியும். சறுக்குவது வைத்தியச் செலவில்தான். முதுகில் அடிபட்டவர் சர்க்கரை நோய் மாத்திரையை இதிலிருந்து வாங்கினால் தவறு. காயத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. முதுகு டாக்டரைப் பார்க்கப் போகும் டாக்சிக்குச் சம்பந்தம் உண்டு, ஆனால் மெடிகேர் டாக்சிக்குப் பணம் தருவதில்லை. ஆகவே அதுவும் கூடாது. செலவு காயத்துக்கானதாகவும் மெடிகேர் ஏற்பதாகவும் இருக்க வேண்டும். மெடிகேர் பிரீமியம், வக்கீல் ஃபீஸ், கணக்கை நிர்வகிப்பவரின் கட்டணம் எதற்கும் இதைத் தொட முடியாது. கணக்கு சம்பந்தமான நகல், தபால், வங்கிச் செலவுகளுக்கும் வட்டி மீதான வருமான வரிக்கும் மட்டும் எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகக் காசு கிடையாதாம், கடிதம் அனுப்ப உண்டாம்!

ரசீது பத்திரம்

பணத்தை வட்டி தரும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். இந்தக் காயத்துக்கான பில்லை மெடிகேருக்கு அனுப்பாமல் தன்னிடமே தரும்படி டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தேதி, மருந்து, தொகை தெரியும் ரசீதுகள் அவசியம். சரியாகத்தான் செலவழித்தேன் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். தவறான செலவு தெரியவந்தால், அத்தொகையைத் திருப்பி வைத்து முறையாகச் செலவழிக்கும்வரை அந்தக் காயத்துக்கு மெடிகேர் ஒரு டாலரும் தராது.

பயந்து சேமிப்பதும் கேடு

பணம் தீர்ந்துவிடுமோ என்று பிசியோதெரபியைத் தள்ளிப்போடுவதும், மாத்திரையைப் பாதியாக்குவதும் எனக்குத் தவறாகச் செலவழிப்பதைவிடப் பெரிய தவறாகப் படுகிறது. முறையான செலவில் பணம் தீர்வது நஷ்டமில்லை. அதன் பிறகு, மெடிகேர் பெறுபவராக இருந்தால், அது பொறுப்பேற்கும். ஒரே தடவையில் இல்லாமல் ஆண்டுத் தவணையாகப் பணம் வருபவருக்கு நடுவில் தீர்ந்தாலும், அடுத்த தவணை வரும்வரை ஏற்கத்தக்க செலவுகளை மெடிகேர் பார்த்துக்கொள்ளும். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குச் சேரும்.