களைக்கொல்லியும் கிணற்று நீரும்

மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் அங்கத்தினர்கள் சிலர், வயலில் தெளிக்கும் களைக்கொல்லி கிணற்று நீரில் வந்து கலக்குமா என்று நம்மை வினவியுள்ளனர். கலக்கக்கூடும் என்பதே நமது விடை. ஆயினும் எல்லா மருந்தும் எல்லாக் காலத்திலும் கலப்பதில்லை.

கிளைபோசேட் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே எளிதில் கீழிறங்குவதில்லை. மக்காச்சோளத்திற்கு இடும் அட்ரசினோ மண்ணைத் தளர்வாகவே பற்றுகிறது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அழியாமலும் இருக்கிறது. நிலத்தடி நீரில் இதன் அளவைக் கட்டுக்குள் வைத்தல் இயலாதெனக் கண்டே 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதி மறுத்தது.

நம் பக்கத்து நிலைமை யாது? தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பகுதிகளின் கரிசலில் மக்காச்சோளம் பெரிதும் மானாவாரிப் பயிராகும். விதைத்த சில நாட்களுக்குள், களை முளைக்குமுன், அட்ரசின் தெளிக்கப்படுகிறது. மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. மருந்தும் பெருமழையும் ஒரே பருவத்தில் சந்திக்கின்றன.

தெளித்தபின் பெய்யும் சிறுமழை நன்மையே செய்யும்; மருந்தை மேல்மண்ணில் பரப்பி நிறுத்தும். இரண்டொரு நாளில் கொட்டும் கனமழைதான் கேடு. கோடையில் வெடித்த கரிசல், ஈரம் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளுமுன், வாய்க்கால் போல நீரை உள்ளே இழுத்துவிடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் வெடிப்பு இல்லை; ஆனால் பருமணல் கலந்த இடங்களில் நீர் விரைந்து கசியும். தெளித்தவுடன் வயல் நிறையத் தண்ணீர் பாய்ச்சுவதும் கனமழைக்கு ஒப்பானதே. பாறை இடுக்குகளை எட்டிய மருந்து, வெயிலும் நுண்ணுயிர்ச் செழிப்பும் அற்ற அவ்விடத்தில் மிக மெதுவாகவே சிதையும்.

இனி ஒரு கணக்கு. குடிநீரில் அட்ரசின் லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம். இருபது அடி விட்டமும் பதினாறு அடி நீரும் உள்ள கிணற்றில் சுமார் 1,40,000 லிட்டர் நிற்கும். கால் கிராம் அட்ரசின் விழுந்தாலே அந்நீர் வரம்பை நெருங்கிவிடும். பாதி மருந்துச் சத்துள்ள தூளை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்தால், தெளிப்பானின் அடியில் எஞ்சும் அரை லிட்டரில் அந்தக் கால் கிராம் இருக்கும்! மழையைக் குறை கூறும் நாமே தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவுவதை என்னென்பது? கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறாயின் கழுவிய நீர் நேரே உள்ளே வழியும். நெசவாளர் குடும்பங்களும் அதே கிணற்றில்தான் குடம் நிரப்புகின்றன.

ஆகவே, வானம் மூடியிருக்கும் நாளில் தெளித்தலைத் தள்ளிவைக்க வேண்டும். தெளிப்பானைத் தெளித்த வயலிலேயே கழுவி, அந்நீரை அங்கேயே பரவலாகத் தெளித்துவிடலாம். தொழுவுரமும் தழையுரமும் ஏறிய மண் மருந்தைக் கூடுதலாகப் பற்றி நிறுத்தும். வரிசையில் மட்டும் மருந்திட்டு, இடைவெளியைக் களைக்கொத்தால் கொத்தினால் மருந்து பாதிக்கு மேல் மிச்சமாகும். கூலிச் செலவு கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. நெல்வயலில் தொளி உழவு அடிமண்ணை இறுக்குவதால் கசிவு குறைவு. ஆனால் மருந்திட்டபின் சில நாட்கள் மடையைத் திறத்தலாகாது.

கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பும் கடினத்தன்மையும் காணும் வழக்கமான சோதனையில் களைக்கொல்லி தென்படாது. அதனைத் தனியே குறிப்பிட்டுக் கேட்டல் வேண்டும்.