டிஸ்க்குக்குள் ஓர் ஊசி

1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், சம்மதித்து வந்தவர்களின் கீழ்முதுகில் ஊசியைச் செலுத்தி, முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் உள்ளழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இன்னும் ஏறுகிறது என்று தெரியவந்தது. ‘நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய அதட்டலுக்கு விஞ்ஞானமே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று.

1999இல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் வில்க என்பவரின் குழு, ஒருவரின் டிஸ்க்குக்குள் மெல்லிய சென்சார் ஒன்றைப் பொருத்தி, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அவரை நிற்க, நடக்க, தூங்க வைத்து அளவெடுத்தது. அந்த எண்களை, கார் டயருக்குக் காற்றடிக்கும்போது நாம் 30, 32 என்று சொல்கிறோமே, அந்த அலகிலேயே பார்க்கலாம். நிற்கும்போது 72. சாயாமல் சாதாரணமாக உட்கார்ந்தால் 67, நாக்கெம்சன் கண்டதற்கு மாறாக நிற்பதைவிடக் குறைவு. முயன்று விறைப்பாக நிமிர்ந்தால் 80. நன்றாகக் குனிந்து உட்கார்ந்தால் 120. நாற்காலியில் சரிந்து, முதுகைச் சாய்த்துக் கிடந்தால் வெறும் 39! இருபது கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 330ஐத் தாண்டியது.

சோம்பேறி என்று திட்டு வாங்கிய அந்தச் சாய்வு இவ்வளவு குறைவாக வருவதற்குக் காரணம் எளிது. விறைப்பாக நிமிர்ந்திருக்க, முதுகுத் தசைகள் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பே டிஸ்க்கை மேலும் அழுத்துகிறது. சாய்ந்தால் உடம்பின் எடையில் ஒரு பங்கை நாற்காலி வாங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவுகள் இவை. அழுத்தம் வேறு, வலி வேறு என்பதும் உண்மைதான். அதற்காக நாளெல்லாம் சரிந்தே கிடக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே மனிதர் தூங்கியபோது நடந்தது இன்னும் சுவையானது. படுத்ததும் 15ஆக இருந்த அழுத்தம், விடிவதற்குள் 35ஆக ஏறியிருந்தது. பகலில் எடை தாங்கிப் பிழியப்பட்ட டிஸ்க், இரவில் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக உயரமாக இருப்பது இதனால்தான். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது என்றே சொல்லலாம். அதற்கு வேண்டிய சத்து பக்கத்து எலும்பிலிருந்து மெல்ல ஊறித்தான் வரவேண்டும். அதனால், சரியான நிலை எது என்று தேடுவதைவிட, அரை மணிக்கொரு தரம் நிலையை மாற்றுவதே முக்கியம் என்பது என் கட்சி. ஆபீஸ் நாற்காலியில் சம்மணம் போடுகிறவர்களைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், அதிலேயே மதியம் வரை இருக்காத வரைக்கும்.

மேசையைச் சரிசெய்யும்போது பலரும் காலிலிருந்து தொடங்குகிறார்கள். முழங்கையிலிருந்து தொடங்குவது நல்லது. தோளைத் தளர்த்தி, கையை மடக்கினால் முழங்கை எங்கே நிற்கிறதோ, கீபோர்டு அந்த உயரத்தில் இருக்கட்டும். நம் ஆபீஸ் மேசைகள் பெரும்பாலும் இரண்டரை அடி உயரம். ஐந்தடிப் பெண்ணுக்கு அது அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டே தட்டுவார், சாயங்காலம் கழுத்தோரம் கல்லாகிவிடும். நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், இருக்கையின் விளிம்பு தொடையை அடியில் அழுத்தும். காலுக்கடியில் ஒரு பலகையோ, பழைய பேப்பர் கட்டோ போட்டால் தீர்ந்தது. மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும். எட்டிப் பிடிக்கும் கையைத் தோள்தான் சுமக்கிறது.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குத் தூக்கினால் கை அந்தரத்தில் நிற்கும். நாலு தடிப் புத்தகங்கள் மேல் ஏற்றிவைத்து, தனி கீபோர்டும் மவுஸும் வாங்குவதைத் தவிர வழியில்லை.

திரை ஒரு கை நீளத்தில், அதன் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கலாம் என்பது பொது விதி. பைஃபோகல் கண்ணாடிக்காரர்களுக்கு இந்த விதி ஒத்துவராது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் படிக்கிறார்கள். எழுத்து தெரிவதற்காகத் தாடையைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலிக்கிறது. திரையை இன்னும் சில அங்குலம் இறக்கிப் பார்க்கட்டும். அதிலும் சரிவராவிட்டால், கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று கண் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.