சாரல் அடிக்கும் நாளில் குமரிக் கடல்

ஆனி, ஆடி மாதங்களில் இலத்தூர்க் குளத்துத் தண்ணீர் மேல்காற்றில் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். ஆரியங்காவுப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்திருப்பதால், அந்த இடைவெளியில் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும், மலையேறிக் குளிர்ந்து குற்றாலத்தில் சாரலாக இறங்குவதும் இந்தப் பருவக்காற்றுதான். குமரிமுனையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்வதும் அதுவே. மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள்.

சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்த கையோடு கன்னியாகுமரிக்கும் போகிறார்கள். அங்கே விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தம் என்றதும் முகம் வாடிவிடுகிறது. “அலை அப்படியொன்றும் பெரிதாக இல்லையே” என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கரையில் நின்று கண்ணால் அளப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அலையின் உயரத்தைக் காற்றின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் நீர்மேல் ஓடுகிறது என்பவையும் சேர வேண்டும். குளத்தில் அந்தத் தூரம் சிறிது. எத்தனை பெரிய காற்றும் அங்கே சிற்றலையைத்தான் எழுப்பும். கடலில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

வானிலை எச்சரிக்கையில் “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65” என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். ஆகவே 65 கிலோமீட்டர் காற்று, 45 கிலோமீட்டர் காற்றைப்போல் இரண்டு மடங்கு விசையோடு படகை மோதும். அலையும் அப்படித்தான்: உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. “அலை உயரம் 3 மீட்டர்” என்றால் எந்த அலையும் அதைத் தாண்டாது என்று பொருளல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் பார்த்த சராசரி அது. நடுவில் ஏதோ ஓர் அலை கிட்டத்தட்ட 6 மீட்டர் எழக்கூடும். படகு பக்கவாட்டில் நிற்கும் நேரம் பார்த்து அது உடைந்தால், கவிழ்க்க அந்த ஒன்றே போதும். துறைமுக முகத்துவாரத்தில் ஆழம் குறைவதால் அலை நிமிர்ந்து உடைகிறது. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் கவிழ்ந்து இறந்த மீனவர்கள் கடலை அறியாதவர்கள் அல்லர்.

காற்றே இல்லாத நாளிலும் ‘கள்ளக்கடல்’ வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. 2024 மே மாதமும் சொன்னது. ஆனாலும் மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோயிற்று.

ஆனால் கடலில் மாண்ட எல்லோரையும் எச்சரிக்கையை மீறியவர்கள் என்று சொல்வது அநியாயம். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் ஒலித்த அறிவிப்பு அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. அத்தனை தொலைவுக்குச் சாதாரண வாக்கி-டாக்கி பேசாது. செயற்கைக்கோள் வழியாகத்தான் செய்தி போக வேண்டும். அதற்கான கருவி ஒவ்வொரு படகுக்கும் போய்ச் சேருவது அரசின் கடமை.

கரையில் நிற்கும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை. எச்சரிக்கை நம் கைப்பேசியிலேயே வருகிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து சீசன் நாளில் குமரிக்குக் கிளம்புகிறவர்கள், புறப்படும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். படகு நிறுத்தம் என்றால் வேறு படகு தேடாமல் கரையிலிருந்தே பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.