நீலத் திரை, கறுப்புத் திரை: ப்ரோக்ராம் எழுத எது நல்லது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். அப்பா துறைமுகத்திலோ டேங்கர் லாரியிலோ உழைத்திருப்பார், பிள்ளை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை என்ற எண்ணத்தோடு கல்லூரியில் சேர்ந்திருக்கும். முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு வாக்குவாதம் காதில் விழும். ப்ரோக்ராம் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, இன்டெலிஜே போன்ற ஐடிஇ நல்லதா, விம், ஈமாக்ஸ் போன்ற பழைய எடிட்டர் நல்லதா? சீனியர் ஒன்று சொல்வார், யூடியூப் வேறொன்று சொல்லும்.

எழுதும் இடம், கம்பைலர், பிழை தேடும் டீபக்கர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவது ஐடிஇ. எடிட்டர் எழுத மட்டும்தான்; மற்றதை நாமே கட்டளை கொடுத்து ஓட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இந்தச் சண்டை நடக்கும்போது பழையது எடிட்டர், புதியது ஐடிஇ. நம் ஊர் லேப்களில் கதை வேறு. இங்கே பழையதே ஒரு ஐடிஇதான்: டர்போ சி++.

போர்லாண்ட் நிறுவனம் 1983-ல் டர்போ பாஸ்கலையும் 1987-ல் டர்போ சியையும் 1990-ல் டர்போ சி++ஐயும் வெளியிட்டது. நீலத் திரையில் மஞ்சள் எழுத்து. எஃப்2 அழுத்தினால் சேமிக்கும், கன்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும், ஆல்ட் எஃப்5 அடித்தால் விடை தெரியும். டாஸ் காலத்துச் சின்ன மெஷின்களில் அந்த வேகம் பெரிய சாதனை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அதில் சி கற்றது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை, அதை இன்னும் விடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. சி++ மொழிக்கு முதல் ஐஎஸ்ஓ தரம் வந்ததே 1998-ல். டர்போ அதற்கு முந்தியது. 16 பிட் ப்ரோக்ராம் என்பதால் 64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரைப் போட்டு அதற்குள் ஓட்டுகிறார்கள். அதில் இன்ட் என்று ஒரு மாறியை அறிவித்து 40000 என்று எண்ணைப் போட்டு அச்சிடச் சொன்னால் -25536 வரும். அங்கே இன்ட்டுக்கு இரண்டு பைட்தான் இடம். 32767-க்கு மேல் தாங்காது. அதே வரியை இன்றைய ஜிசிசி கம்பைலரில் ஓட்டினால் 40000 என்றே வரும். மூன்று வருடம் நீலத் திரையில் எழுதிய பிள்ளை இன்டர்வியூவில் தடுமாறினால் அது அந்தப் பிள்ளையின் தவறா?

பள்ளிப் புத்தகம் நகர்ந்துவிட்டது. 2018-ல் வந்த புதிய பிளஸ் 1 பாடத்தில் டெவ் சி++, அடுத்த ஆண்டு பிளஸ் 2-வில் பைத்தானும் அதன் ஐடிஎல்இ-யும் வந்தன. பள்ளியில் அதைப் படித்துவிட்டு வரும் மாணவரைக் கல்லூரி லேப் மறுபடி 1990-க்கு அனுப்புவது அநியாயம். ஜிசிசிக்குக் காசும் கிடையாது.

இனி கறுப்புத் திரைக்கு, அதாவது விம் போன்ற எடிட்டருக்கு வருவோம். 1976-ல் பெர்க்லியில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது 300 பாட் மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் திரைக்கு வரும். அதனால்தான் விஐ-யில் ஒவ்வொரு கட்டளையும் ஓரிரு எழுத்து. எச், ஜே, கே, எல் சாவிகளால் கர்சரை நகர்த்தும் வழக்கமும் அவருடைய டெர்மினலில் அந்தச் சாவிகள் மேலேயே அம்புக்குறி இருந்ததால் வந்தது. 1991-ல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் அதன் வாரிசு. 2023-ல் அவர் மறையும்வரை, விம் பயன்படுத்துகிறவர்களிடம் உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்.

விஐ இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம் சர்வர். எங்கோ இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் மெனுவும் இல்லை, மவுஸும் இல்லை. நள்ளிரவில் ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் அங்கே பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது விஐதான். சப்போர்ட், நெட்வொர்க், கிளவுட் வேலைக்குப் போகிறவர் ஐ அழுத்தி எழுதவும், எஸ்கேப் அடித்துச் சேமித்து வெளியே வரவுமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கட்சிக்கும் நடுவே இருந்த சுவர் 2016-ல் பெரும்பாலும் இடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலைப் பொதுவில் வைத்தது. அதற்கு முன் பிழையைச் சுட்டிக்காட்டுவது, பெயரைப் பூர்த்தி செய்வது, ஒரு ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தாவிப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. இப்போது மொழிக்கு ஒரு லாங்குவேஜ் சர்வர் போதும், வி.எஸ். கோட் எடிட்டரும் விம்மின் புதிய வடிவமான நியோவிமும் அதே சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். ஆனால் ஜாவாவின் லாங்குவேஜ் சர்வர் எக்ளிப்ஸின் எஞ்சினையே உள்ளே வைத்திருக்கிறது; விம் திறந்ததால் ரேம் மிச்சமாகும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

ரேம்தான் நம் பிள்ளைகளுக்கு முக்கியமான கணக்கு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிபியாவது வேண்டும் என்கிறது கூகுள். எமுலேட்டரும் ஓட வேண்டுமென்றால் 16. அரசு 2011 முதல் தந்த இலவச லேப்டாப் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்து இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. அதில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ முனகும். விம்மும் ஜிசிசியும் பைத்தானும் தாராளமாக ஓடும். கையில் அந்த மெஷின் இருப்பதற்காகக் கூச்சப்பட எதுவும் இல்லை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குப் புதுக் கருவி என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது கைக்கு வரும்வரை அது போதும். பெரிய ஜாவா ப்ராஜெக்ட், மொபைல் ஆப் என்றால் மட்டும் ஐடிஇ இல்லாமல் சிரமம். நூறு ஃபைலில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றும் வேலையைக் கையால் செய்யக் கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'கொ' என்பது யூனிகோடில் இரண்டு குறியீடு: முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு இருபுறமும் நிற்க வேண்டும். விம் ஓடும் டெர்மினல் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது; பல டெர்மினல்களில் இந்தப் பிரிப்பு குழம்பி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், கர்சர் ஓரிடமும் எழுத்து வேறிடமுமாக நிற்கும். வி.எஸ். கோடின் எழுதும் பகுதியும், 2020-ல் வந்த ஈமாக்ஸ் 27-ம் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளைக் கொண்டு இதைச் சரியாகக் காட்டுகின்றன. ஆகவே கோட் விம்மில் இருந்தாலும், செயலியில் வரும் தமிழ்ச் சொற்களைத் தனி ஃபைலில் வைத்து, அதை மட்டும் இவற்றில் ஒன்றில் திறந்து திருத்துவது நல்லது.