மாடி வீடும் மேடு பள்ளமும்

வைகறையில் தாராவியிலிருந்து புறப்படும் இட்லி வணிகரை மும்பைத் தமிழர் யாவரும் அறிவோம். பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஊதுகுழலை ஒலித்தவண்ணம் அவர் மாட்டுங்காவின் மரநிழல் வீதிகளிலும் நுழைகிறார். ஆடி மாதத்து அடைமழையில் அவர் படும் பாடு பெரிது. குழி எது, தரை எது என்று தெரியாத சாலையில் ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் சாம்பார்ப் பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவருக்குப் பின்னால், பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள மோட்டார் வண்டியும் அதே குழியில் இறங்கி ஏறுகிறது. இருவரையும் சமமாக்கும் வல்லமை அந்தக் குழிக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது!

வீட்டின் விலை கோடிக் கணக்கில். வாசலிலோ முழங்கால் அளவு நீர். செல்வம் குவிந்த இடத்தில் சாலை மட்டும் வறுமையுற்றிருப்பது ஏன்? இதனைச் சிறிது ஆராய்வோம்.

இந்த விந்தை நம் நகரத்துக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவின் புறநகர்களில், அரண்மனை போன்ற வீடுகளுக்குச் செம்மண் பாதை வழியே செல்வதைக் காணலாம். அந்நாட்டில் நிலத்தின் பெரும்பகுதி குலத்தலைவர்கள், குடும்பங்கள் ஆகியோர் வசம் மரபுரிமையாக உள்ளது. அவர்களிடம் மனை வாங்கியவர் உடனே மதில் எழுப்புகிறார், கிணறு தோண்டுகிறார், மின்சாரத்துக்கு எந்திரம் வைக்கிறார். சாலையும் வடிகாலும் பின்னால் வரட்டும் என்று விட்டுவிடுகிறார். அவை வருவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

வீடு முந்தி, வழி பிந்தி என்ற இதே முறையில்தான் நம் தாராவியும் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் அங்கு வந்தனர். கையகல இடத்தில் குடிசை எழுந்தது; குடிசைகளுக்கு இடையே எஞ்சியதே சந்து ஆயிற்று. 90 அடிச் சாலை, 60 அடிச் சாலை என்று அகலத்தையே பெயராகச் சூட்டி அழைப்பதிலிருந்து, அகலம் அங்கே எத்துணை அரிய பொருள் என்பது விளங்கும். அக்ராவில் செல்வத்தின் அவசரம் செய்ததைத் தாராவியில் வறுமையின் அவசரம் செய்தது.

மாட்டுங்காவின் வரலாறோ நேர்மாறானது. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. காற்றோட்டமற்ற நெருக்கமான குடியிருப்பே கேடு என்று கருதிய அரசாங்கம், 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்டை அமைத்தது. அந்த டிரஸ்டின் தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் முதலில் வீதிகள் வகுக்கப்பட்டன. தோட்டங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதன் பின்னரே மனைகள் கொடுக்கப்பட்டன. பிற்காலத்தில் நம்மவர் அங்கே பெருவாரியாகக் குடியேறி, கோயிலும் சபையும் கண்டனர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது.

இவ்வாறு ஒழுங்காக அமைந்த வீதிகளும் குழி விழக் காரணம் என்ன?

முதற் காரணம் நீர். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, பெரும்பாலும் நான்கே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. தார்ச் சாலையில் கல்லும் தாரும் ஒட்டி நிற்பதே அதன் பலம். விரிசல் வழியே நீர் புகுந்தால் அந்தப் பிடி தளர்கிறது. அதன்மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் உள்ளிருக்கும் நீர் அழுந்திக் கல்லைப் பெயர்க்கிறது. ஒரு கல் பெயர்ந்தால், அடுத்த கல்லுக்குத் துணை இல்லை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கே கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. கடல் பொங்கும் வேளையில் அவையும் நீரை வெளியேற்ற இயலாமல் திணறுகின்றன. 1993-ஆம் ஆண்டு அறிக்கை இந்த அளவை இருமடங்காக்க வேண்டுமென்றது. 2005 ஜூலை 26 அன்றோ, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

இரண்டாவது காரணம் தோண்டுதல். குடிநீர், மின்சாரம், சமையல் வாயு, தொலைபேசி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பள்ளம். மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக இடிக்காமல், மேலே மட்டும் பூசி மூடினால், முதல் மழையிலேயே அது உள்வாங்கிவிடுகிறது.

மூன்றாவது காரணம் செல்வமே! மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய மூன்றடுக்கு வீடுகளை இடித்து, வானளாவும் மாடிகளைக் கட்டுகிறார்கள். இடிபாடுகளைச் சுமக்கும் லாரிகளும், கான்கிரீட் கலவை வண்டிகளும், புதிய குடித்தனங்களின் கார்களும் அந்தப் பழைய வீதியிலேயே ஓடுகின்றன. வீடு பல மடங்கு வளர்ந்தது, வீதி வளரவில்லை.

பணமில்லை என்றும் சொல்ல இயலாது. மும்பை மாநகராட்சியின் 2025-26 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். நமது சிறிய மாநிலங்கள் சிலவற்றின் திட்டத்தைவிட இது பெரிது. 2023 ஜனவரியில், சுமார் 400 கிலோமீட்டர் சாலைகளைக் கான்கிரீட்டாக மாற்றும் பணி தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும், குழாய்க்கும் கம்பிக்கும் முன்னதாகவே வழி விடாமல் போட்ட கான்கிரீட்டும் நாளை வெட்டப்படும். வெட்டிய கான்கிரீட் எளிதில் ஒட்டாது.

இது வெறும் வசதிக் குறைவன்று, உயிர் பற்றியது. 2015 ஜூலையில், மழைநீர் மறைத்த குழியொன்றால் காய்கறி வணிகர் தாதாராவ் பில்ஹோரே தம் இளமகனை இழந்தார். அந்தத் தந்தை பின்னர், தாமே கல்லும் மண்ணும் சுமந்து நகரின் குழிகளை நிரப்பலானார். நல்ல சாலை குடிமக்களின் அடிப்படை உரிமை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. சாலைக் குழியால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்றும் 2025 அக்டோபரில் அது உத்தரவிட்டது. போன உயிருக்கு ஈடேது? எனினும், குழிக்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு என்பதாவது இதனால் நிலைபெற்றது.

நாம் செய்யத்தக்கது என்ன? நம் வீட்டெதிரே உள்ள சாலை யாருடையது என்று முதலில் அறிதல் வேண்டும். மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படாத மனைப்பிரிவுச் சாலையாயின், அதைப் பேணும் கடமை மனைக்கு உரியவர்களுடையதே. மாநகராட்சியின் சாலையாயின், மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு, தாராவிக்கு ஜி வடக்கு வார்டு அலுவலகம் உண்டு. ஒருவர் பத்து முறை எழுதுவதைவிட, பத்துப் பேர் கூடி ஒருமுறை எழுதுவது பயன் தரும். மழைக்கு முன்னரே எழுதுவது அதனினும் நன்று.

நம் ஊர்களில் தேரோடும் வீதியை நினைத்துப் பார்ப்போம். தேர் ஓடவேண்டுமென்பதற்காகவே அவ்வீதியை அகலமாக வகுத்தார்கள். திருவிழாவுக்கு முன் மேடு பள்ளம் பார்த்துச் சமன் செய்தார்கள். வீட்டைத் தனியொருவர் கட்டிவிடலாம். வீதிக்கோ ஊர் கூடவேண்டும். மாட்டுங்காவின் மாடியில் வாழ்பவரும், தாராவியிலிருந்து இட்லி கொண்டு வருபவரும் ஒரே வடத்தைப் பிடிக்கும் நாளில், அந்தக் குழி தானே மறையும்.